ஸ்டாவாங்கர் எண்ணெய் அருங்காட்சியகம்: இரும்பைப் பார்த்த பிறகு காகிதத்தைத் தேடுங்கள்

நார்வேயின் தென்மேற்குக் கரையில் உள்ள ஸ்டாவாங்கரில் இறங்கும் சுற்றுலாப் பயணிகள் நேராகப் பிரேக்கெஸ்டோலன் பாறைக்குத்தான் ஓடுகிறார்கள். மழை பிடித்துக்கொண்டால்தான் (அங்கே அது அடிக்கடி பிடிக்கும்) துறைமுக ஓரத்து எண்ணெய் அருங்காட்சியகம் நினைவுக்கு வரும். மழைக்கு ஒதுங்க மட்டும் அந்த இடத்தைப் பயன்படுத்துவது அநியாயம். எண்ணெய் கிடைத்த ஊர்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. கிடைத்தபின் என்ன ஆனது என்று சொல்வதற்கே ஒரு கட்டடம் வைத்திருக்கும் ஊர்கள் குறைவு. இயந்திரங்களைக் காட்டும் விதத்துக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தரலாம். அந்த இயந்திரங்கள் ஒரு சமூகத்தை என்ன செய்தன என்பதற்கு மூன்றரைதான். அந்த ஒரு மதிப்பெண் இடைவெளியைப் பார்வையாளரே எப்படி நிரப்பிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் ஒரு யோசனை: எண்ணெய் அருங்காட்சியகத்தில் ஆரம்பிக்காதீர்கள். துறைமுகத்தின் எதிர்ப்பக்கம், வெள்ளை மரவீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பழைய ஸ்டாவாங்கரில், டப்பா மீன் தொழிலுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1916 முதல் 1958 வரை ஓடிய உண்மையான ஆலையில்தான் அது அமைந்திருக்கிறது. அங்கிருந்து எண்ணெய் அருங்காட்சியகத்துக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கும் நாள்களில் பத்து மணிக்கு மேல் அந்தக் குறுகிய சந்துகளில் கூட்டம் நெரிபடும். ஆகவே காலையிலேயே அதை முடித்துவிடுவது நல்லது.

அங்கே என்ன இருக்கிறது? பிரிஸ்லிங் என்ற சிறுமீன், பார்வைக்கு நம் சாளையின் குட்டி மாதிரி. பிடித்த மீனை உடனே கரைசேர்க்க மாட்டார்கள். வயிறு காலியாக மூன்று நாள் வலைக்குள்ளேயே உயிரோடு வைத்திருப்பார்கள். பிறகு உப்புநீர், கம்பியில் கோப்பு, கருவாலி விறகுப் புகை, தலைவெட்டு, டப்பாவில் அடுக்கல், ஆலிவ் எண்ணெய், மூடி மடிப்பு, கடைசியில் வெப்பத்தில் கிருமிநீக்கம். அடுக்கிய கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. 1873இல் இங்கே முதல் பெரிய ஆலை வந்தது. 1920களின் தொடக்கத்தில் இந்தச் சின்ன நகரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் புகைந்துகொண்டிருந்தன. கச்சா எண்ணெய் வருவதற்கு முன்பும் ஸ்டாவாங்கர் எண்ணெயில்தான் பிழைத்தது, ஆனால் அது ஆலிவ் எண்ணெய். 1960களில் இந்தத் தொழில் தேய்ந்துகொண்டிருந்தது என்பதை இங்கே மனதில் பதித்துக்கொண்டு கிளம்புங்கள். எண்ணெய் ஒரு வெற்று நிலத்துக்கு வரவில்லை. வேலை தேடிக்கொண்டிருந்த, துறைமுகமும் கப்பல் பட்டறையும் கைத்தொழில் பழக்கமும் உள்ள ஊருக்கு வந்தது. ஜெபவீடுகளுக்கும் மதுவிலக்கு இயக்கத்துக்கும் பேர்போன ஊர் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி எண்ணெய் அருங்காட்சியகம். 1999இல் திறக்கப்பட்டது. தண்ணீரை ஒட்டி நிற்கும் உருளை வடிவக் கட்டடங்களைத் தூரத்தில் பார்த்தால் சின்ன எண்ணெய் மேடையேதான். உள்ளே மேடைகளின் மாதிரிகள், துளைமுனைகள், மூழ்காளர்களை இறக்கும் கூண்டு, கடலடி இயந்திரங்கள், துரப்பணத் தளம் என்று இரும்பு ராஜ்ஜியம். விளக்கங்கள் நார்வேஜிய மொழியோடு ஆங்கிலத்திலும் உண்டு. இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் முடித்தவர்கள் துளைமுனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்கள். கோடையில் திறந்திருக்கும் நேரம் அதிகம், குளிர்காலத்தில் குறைவு. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரிகளில் டிரால் மேடையின் முன் சற்று நில்லுங்கள். அடியிலிருந்து உச்சிவரை 472 மீட்டர். அது நிற்கும் கடலின் ஆழம் மட்டும் 303 மீட்டர். கான்கிரீட் கால்களை ஃபியோர்டுக்குள் (நிலத்துக்குள் நீண்டு புகும் ஆழமான கடல் இடுக்கு) வார்த்து, 1995இல் நிமிர்ந்த நிலையிலேயே இழுத்துச் சென்றார்கள். இந்தக் கான்கிரீட் வேலைதான் ஸ்டாவாங்கரை ஊழியர் தங்கும் ஊரிலிருந்து கட்டுமான ஊராக மாற்றியது. ஆழமான, அலை அடங்கிய ஃபியோர்டு வாசலிலேயே இருந்தது அதிர்ஷ்டம்; அந்த வேலையை உள்ளூருக்கே கொடுக்க வைத்தது கொள்கை.

அதே ஃபியோர்டில் என்ன தவறும் என்பதற்கும் பாடம் கிடைத்தது. 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்லைப்னர் மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காகத் தண்ணீரில் அமிழ்த்தியபோது ஓர் அறைச்சுவர் பிளந்தது. மொத்த அமைப்பும் சுமார் 18 நிமிடத்தில் மூழ்கித் தரையில் மோதிச் சிதறியது. நிலநடுக்கமானியில் அது 3 அளவுக்குப் பதிவானது. மேலே இருந்த 22 பேரும் தப்பினார்கள். காரணம் கணினிக் கணக்கு: சுவர்கள் சந்திக்கும் மூலையைப் பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்டதால் வெட்டுவிசை 47 சதவீதம் குறைவாக வந்தது, அதை நம்பி வைத்த கம்பிகள் போதவில்லை. பொறியியல் படிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போனால் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு மாதிரியைக் காட்டுங்கள். கான்கிரீட் கால்கள் வேறு மாதிரி தெரியும்.

குழந்தைகளுக்குப் பிடிப்பது தப்பிக்கும் துணிக்குழாய் சறுக்கும், இருட்டில் வழி தேடும் விபத்து அறையும். விளையாட்டு மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது எதற்காக என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1980 மார்ச் 27 மாலை, வட கடலின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் வட்டாரத்தில் தொழிலாளர் தங்குமிடமாகப் பயன்பட்ட அலெக்சாண்டர் ஹீலாண்ட் மிதவை மேடை கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். ஒரு தாங்குகுழாயில் ஹைட்ரோஃபோன் என்ற நீரடி ஒலி கேட்கும் கருவியைப் பொருத்த 6 மில்லிமீட்டர் அளவில் போட்ட மோசமான பற்றவைப்பில் விரிசல் தொடங்கியது. அலை ஒவ்வொரு முறை அசைக்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. ஒரு நாள் குழாய் அறுந்தது. சுமை மற்றக் குழாய்கள் மேல் விழ, அவையும் அறுந்து ஐந்து கால்களில் ஒன்று கழன்றுபோனது. மேடை உடனே 30 டிகிரி சாய்ந்தது. சுமார் இருபது நிமிடத்தில் தலைகீழானது. ஏழு உயிர்காப்புப் படகுகளில் நான்கைத்தான் இறக்க முடிந்தது. கம்பியில் பாரம் தொங்கும்போது கொக்கி விடுபடாது என்பது அந்தப் படகுகளின் வடிவமைப்பு. அமைதியான தண்ணீரில் அது பாதுகாப்பு; புயலில் அதுவே பொறி. பாரத்தோடும் விடுபடும் கொக்கி, மேலிருந்து தலைகுப்புறப் பாயும் படகு, எல்லோருக்கும் உயிர்காப்பு உடை, கடலுக்குப் போகுமுன் கட்டாயப் பயிற்சி என்று பின்னால் வந்தவற்றின் வேர் அந்த மாலையில் இருக்கிறது.

1977 ஏப்ரலில் அதே வயலின் பிராவோ மேடையில் நடந்த பீறிடல் (கிணற்றிலிருந்து எண்ணெய் கட்டுக்கடங்காமல் பாய்வது) இதற்கு நேர்மாறு: உயிர்ச்சேதம் இல்லை, கேள்விகள் நிறைய. கிணற்றுத் தலையின் வால்வுத் தொகுதியைக் கழற்றிவிட்டுக் குழாயை மேலே இழுக்கும் வேலை. இடைப்பட்ட நேரத்தில் கிணற்றை அடைத்திருக்க வேண்டிய உள்வால்வு சரியாகப் பூட்டப்படவில்லை. பீறிடலைத் தடுக்கும் வால்வு அடுக்கை அவசரத்தில் தலைகீழாகப் பொருத்தினார்கள். எட்டு நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. "நாங்கள் மெதுவாகத்தான் தோண்டுவோம்" என்று நார்வே நாடாளுமன்றத்தில் வாதாடியவர்களுக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைத்திருக்க முடியாது. நார்வேயின் வடக்குக் கடற்பகுதியில், மீன்வளம் மிகுந்த 62ஆம் அட்சப் பாகைக்கு வடக்கே துளைபோடும் திட்டம் தள்ளிப்போனது.

இங்கேதான் நான் சொல்லும் காகிதம் வருகிறது. இரும்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், விளக்குப் போடலாம். ஒரு சட்டப் பிரிவை எப்படிக் காட்சிக்கு வைப்பது? பெரிய பொருள்களின் பக்கத்தில் தொங்கும் சின்னப் பலகைகளை நின்று படிக்க வேண்டியிருக்கும். அவற்றில் தேட வேண்டியவை இவை.

1962இல் அமெரிக்காவின் ஃபிலிப்ஸ் நிறுவனம், நார்வேயின் கடலடி முழுவதையும் தேட மாதம் 160,000 டாலர் தருவதாகச் சொன்னது. அன்றைக்கு அங்கே எண்ணெய் இருப்பதாக யாருக்கும் தெரியாது. வருகிற பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்கக்கூடிய நேரம். அரசு மறுத்துவிட்டு, 1963 மே மாதம் கடலடி தனக்கே சொந்தம் என்று அறிவித்தது. 1965இல் பிரிட்டனோடும் டென்மார்க்கோடும் நடுக்கோட்டு ஒப்பந்தங்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. நார்வே கரையை ஒட்டி 300 மீட்டருக்கும் ஆழமான அகழி ஓடுகிறது. கண்டத்திட்டு அங்கேயே முடிகிறது என்று பிரிட்டன் பிடிவாதம் பிடித்திருந்தால் எண்ணெய் வயல்களில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருக்கும். பிரிட்டன் வாதாடவில்லை. (எக்கோஃபிஸ்க் கோட்டுக்கு நார்வே பக்கம் போனதற்கு டேனிஷ் அமைச்சர் குடித்திருந்ததுதான் காரணம் என்று டென்மார்க்கில் ஒரு கதை உலவுகிறது. கதைதான்.) அதே ஆண்டு முதல் சுற்றில் 78 வட்டாரங்களுக்கு 22 உரிமங்கள் கொடுக்கப்பட்டன. எண்ணெய் கிடைத்ததோ 1969இல். ஓஷன் வைக்கிங் துரப்பணக் கலம் கண்ட எக்கோஃபிஸ்க் பற்றி அரசுக்குத் தகவல் போனது அந்த ஆண்டு டிசம்பர் 23. ஆக, வீட்டுக்குப் புதையல் வருவதற்கு ஆறு வருடம் முன்பே பூட்டுச் சாவி செய்தாகிவிட்டது. பல நாடுகளில் இந்த வரிசை தலைகீழ்.

ஃபாரூக் அல்காசிம் பெயரையும் தேடுங்கள். பாஸ்ராவில் பிறந்து லண்டனில் படித்த ஈராக்கிய எண்ணெய்ப் புவியியலாளர். மனைவி நார்வேக்காரர், மகனுடைய மூளைவாதத்துக்குச் சிகிச்சை தேடி 1968இல் குடும்பத்தோடு வந்தார். ஓஸ்லோவில் இறங்கிய அன்றே, எந்த எண்ணெய் நிறுவனத்தில் வேலை கேட்கலாம் என்று பட்டியல் வாங்கத் தொழில் அமைச்சகத்துக்குப் போனார். எண்ணெய் தெரிந்த ஆளே இல்லாத அமைச்சகம் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. கட்டுப்படுத்தும் துறை வேறு, வியாபாரம் செய்யும் அரசு நிறுவனம் வேறு, இரண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்ற பிரிப்பில் அவர் பங்கு பெரிது. ஈராக்கில் பார்த்த பாடம் அது. 1971இல் நாடாளுமன்றக் குழு எண்ணெய்க் கொள்கைக்கான "பத்துக் கட்டளைகள்" வகுத்தது. 1972 ஜூன் 14 அன்று கட்டுப்படுத்தும் எண்ணெய் இயக்குநரகமும் வியாபாரம் செய்யும் அரசு நிறுவனமான ஸ்டாட்டோயிலும் உருவாக முடிவானது. இரண்டுக்கும் தலைமையிடம் ஸ்டாவாங்கர். தலைநகரில் வைக்காமல் இங்கே வைத்ததால்தான் பொறியாளரும் வழக்கறிஞரும் இந்த ஊரில் குடியேறினார்கள். எண்ணெய்க்கு ஹெலிகாப்டர் நிலையம் மட்டும் இருந்திருந்தால் ஊர் வேறு மாதிரிப் போயிருக்கும்.

கட்டளைகள் எல்லாம் அப்படியே நடந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எண்ணெயும் வாயுவும் நார்வேயில்தான் கரையேற வேண்டும் என்பது ஒரு கட்டளை. முதல் பெரிய வயலின் எண்ணெயோ 1975இல் குழாய் வழியே இங்கிலாந்துக்குப் போனது, வாயு 1977இல் ஜெர்மனிக்குப் போனது. காரணம் அதே அகழி: அவ்வளவு ஆழத்தில் குழாய் பதிக்க அன்று தொழில்நுட்பம் இல்லை. 1985இல்தான் அகழியைத் தாண்டி நார்வே கரையிலுள்ள கோர்ஸ்டோவுக்கு வாயுக்குழாய் வந்தது. காசைப் பறிக்காமல் விட்ட அகழி குழாயை மறித்தது என்று உள்ளூரில் யாராவது பழமொழி செய்திருந்தால் ஆச்சரியமில்லை.

பணக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. இப்போதைய வரி மொத்தம் 78 சதவீதம். அந்நிய நிறுவனங்கள் ஓடிவிடாதா என்று கேட்பார்கள். லாபத்தில் 78 பங்கு எடுக்கும் அரசு, செலவிலும் அதே விகிதத்தில் சுமக்கிறது. வெறுங்கிணறு தோண்டினால் நட்டத்தில் பெரும்பங்கு அரசுக்கும்தான். நேர்மையான பங்காளி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். சேர்ந்த பணம் ஒரு நிதிக்குப் போகிறது. அந்த நிதி வெளிநாட்டில் மட்டுமே முதலீடு செய்யும். உள்ளூரில் கொட்டினால் நார்வே நாணயமான குரோனர் மதிப்பேறி, மற்ற ஏற்றுமதித் தொழில்கள் சாகும். காலையில் பார்த்த மீன் டப்பா ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள்: எண்ணெய் மேடைக்குச் சாமான் ஏற்றும் கப்பலில் கிடைக்கும் கூலியை, சிறுமீனை அடுக்கும் ஆலையால் தர முடியாது. ஏற்கெனவே தளர்ந்த தொழிலுக்கு அது கடைசித் தள்ளல்.

இந்த நிதியைப் பற்றிப் பேசும்போது நார்வேக்காரர்கள் பிறவி ஞானிகள் என்ற பிம்பம் வந்துவிடுகிறது. அது சரியில்லை. 1970களில் வரப்போகும் எண்ணெய்ப் பணத்தை நம்பிக் கடன் வாங்கிச் செலவழித்தார்கள். 1978இல் சம்பளத்தையும் விலையையும் உறையவைக்க வேண்டிய நிலை. 1986இல் பேரல் விலை 10 டாலர் அருகே சரிந்தபோது அரசு கவிழ்ந்தது, நாணய மதிப்பு 12 சதவீதம் குறைக்கப்பட்டது, பின்னாலேயே வங்கி நெருக்கடி. இந்த அடிகள் விழுந்த பிறகுதான் 1990இல் நிதிச் சட்டம் வந்தது. அதுவும் ஆறு ஆண்டுகள் வெறும் கணக்குப் புத்தகமாகக் கிடந்து, 1996இல்தான் முதல் பணம் விழுந்தது. 2001இல் ஆண்டுக்குச் சராசரியாக 4 சதவீதம்தான் எடுக்கலாம் என்ற விதி. 2017இல் அது 3 ஆனது. 2024 முடிவில் நிதியின் மதிப்பு கிட்டத்தட்ட 20 லட்சம் கோடி குரோனர்.

நிதி நாட்டைக் காத்தது, ஸ்டாவாங்கரைக் காத்ததா? 2014 நடுவில் 115 டாலராக இருந்த விலை 2016 ஜனவரியில் 30க்குக் கீழே போனபோது அரசு பட்ஜெட் அசையவில்லை. இந்த வட்டாரத்திலோ பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள், வீட்டு விலை இறங்கியது. நாட்டுக்கு மெத்தை உண்டு, ஊருக்குத் தரைதான். எண்ணெய் ஊரின் வாடகை, சாப்பாட்டு விலை எல்லாம் ஏறும்போது சேர்ந்து ஏறும். இறங்கும்போது ஒவ்வொன்றாகத்தான் இறங்கும். (துறைமுக உணவகத்தில் மெனுவைப் பார்த்தால் புரியும். மளிகைக் கடையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.)

சமூக மாற்றத்தில் தேடிப் பார்க்க வேண்டிய மூன்று பேர்: மூழ்காளர், மீனவர், மேடைத் தொழிலாளியின் மனைவி. ஆரம்பகால மூழ்காளர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்ட அழுத்தநீக்க அட்டவணைகளில் மேலே கொண்டுவரப்பட்டார்கள். சீக்கிரம் ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும், நரம்பும் நுரையீரலும் கெடும். அந்த ஆபத்து பற்றிய தகவல் அவர்களுக்குக் கிடைக்கச் செய்யவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 டிசம்பரில் நார்வே அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கூண்டைப் பார்க்கும்போது இந்த வழக்கைத் தெரிந்துகொண்டு பாருங்கள். மீனவர்களுக்கு, வலை கிழிக்கும் கடலடிக் குப்பைக்கும் இழந்த மீன்பிடி இடத்துக்கும் பெட்ரோலியச் சட்டத்திலேயே தனி அத்தியாயத்தில் இழப்பீடு வைத்திருக்கிறார்கள். கடலோரத்தில் எண்ணெய்க் குழாய் வரும் எந்த ஊர்க்காரரும் படிக்க வேண்டிய அத்தியாயம். மேடைத் தொழிலாளி இன்றைய முறைப்படி இரண்டு வாரம் கடலில், நான்கு வாரம் வீட்டில். மனைவி இரண்டு வாரம் ஒற்றையாளாகக் குடும்பம் நடத்திவிட்டு, அடுத்த நாலு வாரம் வீட்டுக்குள் இன்னொரு முதலாளியைச் சமாளிக்கும் வித்தை பற்றி ஒரு முழு அறையே வைக்கலாம்.

அமெரிக்கர்கள் வந்த தடமும் ஊரில் இருக்கிறது: இன்றைய சர்வதேசப் பள்ளி 1966இல் அமெரிக்கப் பள்ளியாகத் தொடங்கியது. அவர்களோடு மேடையில் வந்த "சொன்னதைச் செய்" மேலாண்மை உள்ளூர்த் தொழிற்சங்கங்களோடு மோதியது. 1977இல் வேலைச்சூழல் சட்டம் நிலையான மேடைகளுக்கும் விரிந்தபோது சங்கங்கள் ஜெயித்தன என்று சொல்லலாம்.

இந்த அருங்காட்சியகம் எண்ணெய் நிறுவனங்களின் ஆதரவும் பெறும் இடம் என்பதைப் பார்வையாளர் மறக்க வேண்டியதில்லை. காலநிலை மாற்றத்தை அருங்காட்சியகத்தார் ஒதுக்கிவிடவும் இல்லை. ஹீலாண்ட் விபத்தின் நினைவுச்சின்னமான உடைந்த சங்கிலி, நகருக்கு மேற்கே கெவர்னவிக் கடலோரத்தில் நிற்கிறது. பேருந்து உண்டு, காற்றுக்கு மேலாடை கட்டாயம்.

குழந்தைகளோடு போனால் வெளியே உள்ள ஜியோபார்க்கை விட்டுவிடாதீர்கள். டிரால் வயலின் பாறையடுக்குகளை 500இல் ஒரு பங்காகச் சுருக்கி மேடுபள்ளமாக்கி, எண்ணெய்த் தொழிலில் கழித்துப்போட்ட பொருள்களை வைத்துச் செய்த விளையாட்டுத் திடல். உள்ளூர்ப் பையன்கள் சறுக்குப் பலகையோடு சாயங்காலம் முழுக்க அங்கேதான் கிடப்பார்கள். மழையில் வழுக்கும். நுழைவுச்சீட்டு கிடையாது.